வாத்தியார் வீட்டு ஃபோர் எய்ட்டி சிக்ஸ்

1. எழுந்திருக்காத மெஷின்

"செல்வி, நம்மாத்து மெஷின் எழுந்திருக்க மாட்டேங்கறது. சனிக்கிழமை கார்த்தாலே அமெரிக்காவிலேர்ந்து ஒருத்தர் வரார். அவரோட கொள்ளுத் தாத்தா பேர் அதுக்குள்ளேதான் இருக்கு."

ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வைதேகி மாமி போனில் இப்படிச் சொன்னார். எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டுச் சமையலறையில் இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சர்வீஸ் கம்பெனியிலிருந்து நான் ரிடையராகி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனாலும் திருச்சியில் யார் வீட்டிலாவது ஃப்ளாப்பி டிரைவ் வைத்த மெஷின் மக்கர் செய்தால் இன்னும் எனக்குத்தான் போன் வரும். புதுப் பையன்கள் அந்த மெஷினைப் பார்த்தாலே சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்களாம்.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வீடு. மாமியின் கணவர் வாத்தியார் ஸ்வாமி. அறுநூறு குடும்பங்களுக்கு ச்ராத்தம் செய்து வைப்பவர். ச்ராத்தத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா மூவர் பெயரையும் கோத்திரத்தோடு சொல்லியாக வேண்டும். அப்பா பெயர் எல்லோருக்கும் தெரியும். தாத்தா பெயரைக் கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். கொள்ளுத் தாத்தா என்று வந்துவிட்டால் அத்தனை பேரும் வாத்தியார் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த அறுநூறு குடும்பத்துப் பெயர்களையும் திதிகளையும் இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் டைப் செய்து வைத்தது மாமிதான். புரோகிராம் மாமியின் தம்பி எழுதியது.

டைப் செய்து முடித்ததும், இடத்தை அடைக்கிறதென்று பழைய நோட்டுகளையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு தடவை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பிரிண்ட் எடுத்தார்கள். அந்தப் பேப்பர் கட்டு இன்றும் பட்டுத் துணியில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்த எழுத்துதான் வெளுத்துப் போய்விட்டது.

மெஷின் தொண்ணூறுகளில் வந்த ஒரு ஃபோர் எய்ட்டி சிக்ஸ். பதினாறு எம்.பி. ராம், நானூற்று இருபது எம்.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸுக்கு முந்தின டாஸ். கேபினெட்டின் நெற்றியில் அழகாகத் திருமண் இட்டிருக்கும். உங்கள் போனில் வரும் ஒரு கல்யாண வீடியோ அந்த டிஸ்க்கில் அடங்காது.

2. அரை நிமிடம் மிச்சம்

இதற்கு முன் ஆடி மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். போர்டில் இருந்த பேட்டரி செத்துப்போய்த் தேதி தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. புது பேட்டரி போட்டு, தூசி தட்டி, மெஷின் ஆன் ஆனதும் முதலில் பார்க்கும் பயாஸ் செட்டிங் எல்லாவற்றையும் மறுபடி போட்டுக் கொடுத்தேன். செட்டிங் போட்டபின் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகி, சமர்த்தாக டாஸுக்கு வந்து நின்றது. மாமி மட்டும் திரையை உற்றுப் பார்த்தார்.

"எண்ணிக்கை வரலையே, செல்வி?"

பழைய மெஷின்களை ஆன் செய்ததும் ராமைச் சோதிக்கும். திரையில் நம்பர் ஏறும். இந்த மெஷின் மூன்று தடவை எண்ணும். மாமி தினம் காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, இது எண்ணி முடிப்பதற்குள் காபிக்கு டிகாக்ஷன் இறக்கிவிடுவார்.

"அது வேஸ்ட்டு மாமி. குயிக் பூட் போட்டு விட்டுட்டேன். தினம் அரை நிமிஷம் மிச்சம் உங்களுக்கு" என்றேன்.

"அரை நிமிஷத்தை வெச்சுண்டு நான் என்ன பண்ணப் போறேன்?" என்றார் மாமி.

நான் சிரித்துவிட்டு டூல் பையை மூடினேன். மறுநாளே மாமி பெங்களூரில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்து, இந்தப் புதன்கிழமைதான் மெஷினை ஆன் செய்திருக்கிறார்.

3. பதினேழு தடவை

என் குணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சர்வீஸில் இருந்தபோது எனக்குப் பின்னால் என்னைச் "சூடு செல்வி" என்பார்கள். பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க முடியாத ஆள் நான். மெஷின் மக்கர் செய்தால் என் கை முதலில் போவது பவர் ஸ்விட்சுக்குத்தான். ஆஃப், ஆன். மறுபடி ஆஃப், ஆன். முப்பது வருடத்தில் பாதிக் கேஸ்கள் அதிலேயே முடிந்திருக்கின்றன, ஆகவே நான் திருந்தவே இல்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு மாமி வீட்டில் உட்கார்ந்தேன். ஆன் செய்தேன். திரையில் "டிஸ்க் பூட் ஃபெயிலியர்" என்று வந்தது. பூட் ஆக வேண்டிய ஹார்ட் டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்று அர்த்தம். ஆஃப் செய்தேன். ஆன் செய்தேன். அதே வரி. கேபிளைக் கழற்றி மாட்டி ஆன் செய்தேன். ராமைத் துடைத்து ஆன் செய்தேன். ஒன்றும் செய்யாமல் வெறும் கோபத்தில் நாலைந்து தடவை ஆன் செய்தேன். இப்படிப் பதினேழு தடவை ஆயிற்று. எண்ணியது நானில்லை, மாமி.

"செல்வி, மணி பத்தரை. குளிகை வந்துடுத்து."

"அதனால என்ன மாமி?"

"குளிகையில எது நடக்கறதோ அதுவே திரும்பத் திரும்ப நடக்கும்பா. இப்ப இது ஃபெயிலானா அதுக்கு அதுவே பழகிப் போயிடும். பன்னிரண்டு வரைக்கும் ஸ்விட்சைத் தொடாதீங்கோ."

வேறு வீடாக இருந்தால் வாதாடியிருப்பேன். வாத்தியார் வீட்டில் நேரம் சொன்னால் எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு அடித்ததும் ஸ்விட்சிடம் போனேன்.

"இப்ப ராகு காலம். ஒன்றரை வரைக்கும்" என்றார் மாமி, அடுக்களையிலிருந்தே.

ஒன்றரைக்கு மேல் இரண்டே இரண்டு தடவை ஆன் செய்ய அனுமதி கிடைத்தது. இரண்டும் ஃபெயில். "இன்னிக்கு இது போதும், நேரம் சரியில்லை" என்று மாமி ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்று மணிக்கெல்லாம் நான் காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு, அந்த டிஸ்க்கைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

4. வாத்தியார் ஸ்வாமியின் பார்வை

வியாழக்கிழமை பத்தரைக்குப் போனேன். பழைய டிஸ்க்குகளை யு.எஸ்.பி. வழியாக லேப்டாப்பில் மாட்டும் அடாப்டர் ஒன்று என்னிடம் உண்டு. டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டினேன். லேப்டாப் அதை மதிக்கவே இல்லை. இவ்வளவு பழைய டிஸ்க்குகளை இந்த அடாப்டர்களுக்கு அடையாளம் தெரிவதில்லை. பழைய பார்ட்ஸ் வாங்கி விற்கும் ஜாஃபர் பாய்க்குப் போன் போட்டேன்.

"நானூத்தி இருபது எம்.பி.யா? இன்னுமா ஓடுது? மாஷா அல்லா" என்றார் பாய். "செல்வி அக்கா, அதுக்கு அடாப்டர் கிடையாது. அது பழகின மெஷின்லயே எழுப்பிக்கங்க. வேற எடத்துல அது பேசாது."

சரியென்று டிஸ்க்கை மறுபடி பழைய இடத்தில் மாட்டினேன். ஆன், ஃபெயில், ஆஃப். மூன்றாவது தடவை ஆஃப் செய்யும்போது மாமி வந்து நின்றார். முகம் சரியில்லை.

"போதும் செல்வி. மணி பதினொண்ணு. யமகண்டம் ஆரம்பம்."

மறுபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் வாத்தியார் ஸ்வாமி எங்கோ ஒரு ச்ராத்தத்தை முடித்துவிட்டு உள்ளே வந்தார். அவர் அதிகம் பேச மாட்டார்.

"ஏம்மா சும்மா உட்கார்ந்திருக்கேள்? ஆகலையா?"

"யமகண்டம் ஸ்வாமி. முடிஞ்சதும் போடணும்."

ஸ்வாமி மாமியைப் பார்த்தார். மாமி ஸ்வாமியைப் பார்த்தார். "ஓ" என்றார் ஸ்வாமி. பிறகு, "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே கால் அலம்பப் போய்விட்டார். பெரியவர் களைப்பாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று கிளம்பும்போது மாமி வாசல்வரை வந்தார். "வர்றவர் பேர் ரங்கராஜன். அப்பா போய் ஒரு வருஷம் ஆறது. முதல் ச்ராத்தம். அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்து உட்கார்ந்தப்புறம், உங்க கொள்ளுத் தாத்தா பேர் எங்களுக்கு மறந்து போயிடுத்துன்னு சொல்றதா? பேர் தெரியலைன்னா அதுக்கு வேற வழி சாஸ்திரத்திலே இருக்கு. ஆனா அவா தெரியாதுன்னுதானே எங்களண்ட குடுத்து வெச்சா?"

அறுநூறு குடும்பத்து முன்னோர்கள் என் டூல் பையை நம்பி உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். நானோ இரண்டு நாளாக ராகு காலத்துக்குக் காவல் இருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அன்று எனக்கு மாமியின் பஞ்சாங்கத்தின் மேல் கடுங்கோபம். ஒரு முழு நாள் என்னை என் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் எப்போதோ முடித்திருப்பேன் என்று ஜாஃபர் பாயிடம் புலம்பினேன்.

5. நடுவில் தப்பிய மந்திரம்

வெள்ளிக்கிழமை கடைசி நாள். காலையில் புது கேபிள் மாட்டிப் பார்த்தேன், ஆகவில்லை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். பிற்பகலில் ஜாஃபர் பாய் கொடுத்தனுப்பிய பழைய பவர் சப்ளையை மாற்றினேன். இதற்குமேல் மாற்ற அந்தப் பெட்டிக்குள் ஒன்றும் பாக்கி இல்லை. மணி மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆன் செய்தேன்.

"டிஸ்க் பூட் ஃபெயிலியர்."

என் கை ஸ்விட்சுக்குப் போயிற்று. "நிறுத்தாதீங்கோ" என்றார் மாமி. "நிறுத்தினா மறுபடி போடணும். மூணு மணிக்கு யமகண்டம். நாலரை வரைக்கும் போட முடியாது. அது பாட்டுக்கு ஓடிண்டு இருக்கட்டும்."

திரையில் ஃபெயிலியர் என்ற வரி மினுக்கிக்கொண்டிருக்க, மாமி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கெட்ட மெஷின் முன்னால் நான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தது என் வாழ்க்கையில் அன்றுதான். காபியைக் குடித்தேன். மாமியின் பேரக் குழந்தை போட்டோக்களைப் பார்த்தேன். கால் மணி ஆயிற்று. அதற்கு மேல் முடியவில்லை.

"மாமி, ஒரு சந்தேகம். ஸ்விட்சை அணைக்காம, கீபோர்டுல மூணு பட்டனைச் சேர்த்து அமுக்கினா மறுபடி முதல்லேர்ந்து வரும். கன்ட்ரோல் ஆல்ட் டிலீட்டுன்னு பேரு. அது புதுசா ஆரம்பிக்கிற கணக்கா, பழசோட தொடர்ச்சியா?"

மாமி இதைச் சிரிக்காமல் யோசித்தார்.

"கரண்ட் நிக்குமா?"

"நிக்காது."

"உள்ளே சுத்திண்டிருக்கறது நிக்குமா?"

"டிஸ்க்கா? அது பாட்டுக்குச் சுத்தும்."

"அப்ப தொடர்ச்சிதான். ச்ராத்தத்துக்கு நடுவிலே ஒரு மந்திரம் தப்பினா அந்த மந்திரத்தைத்தான் மறுபடி சொல்லுவா. மறுபடி ஸ்நானம் பண்ணிட்டு வர மாட்டா. அமுக்குங்கோ."

அமுக்கினேன். திரை கறுத்தது. பீப் என்றது. டிஸ்க் விளக்கு படபடவென்று மினுக்கியது. டாஸ் வந்து நின்றது.

மாமி புரோகிராமைத் திறந்து, ஒற்றை விரலால் டைப் செய்து, ரங்கராஜன் குடும்பத்தை எடுத்தார். கொள்ளுத் தாத்தா பெயர் ஸ்ரீனிவாசவரதன். மாமி அந்தப் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் வேலையாக எல்லாவற்றையும் ஃப்ளாப்பியில் காப்பி எடுத்தேன். அறுநூறு குடும்பம், நாலு தலைமுறை, எல்லாம் ஒரே ஒரு ஃப்ளாப்பியில் அடங்கிவிட்டது. அதை என் யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவில் போட்டு லேப்டாப்பிலும் ஏற்றினேன்.

6. பொட்டலம் கட்டிய தாள்

காப்பி ஓடும்போதுதான் மூளை வேலை செய்தது. ஆஃப் செய்து போட்டால் வராத டிஸ்க், சுற்றிக்கொண்டே இருக்கும்போது கேட்டால் வருகிறது. அப்படியென்றால் டிஸ்க்கில் கோளாறு இல்லை. வயதான டிஸ்க், முழு வேகத்தில் சுற்ற அதற்கு இருபது, முப்பது நொடி வேண்டியிருக்கிறது. மெஷின் அதற்குள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று எழுதிவிடுகிறது. நானும் உடனே ஆஃப் செய்து, அது அதுவரை சுற்றிய சுற்றையும் வீணாக்கி, மறுபடி முதலிலிருந்து ஓட விட்டிருக்கிறேன்.

இத்தனை வருடம் எப்படி ஓடியது என்று யோசித்தேன். யோசித்ததும் காது சூடாகிவிட்டது. மூன்று தடவை எண்ணும் அந்த எண்ணிக்கை. மாமி டிகாக்ஷன் இறக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் டிஸ்க் மெதுவாக எழுந்து, சோம்பல் முறித்து, வேகம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அரை நிமிடத்தைப் பிடுங்கியது யார்? ஆடி மாதம் நான் டாஸ் வந்ததைப் பார்த்தது ரீஸ்டார்ட்டில்தான். ஒரு தடவைகூட முழுதாக ஆஃப் செய்து ஆன் செய்து பார்க்கவில்லை. செய்ய வேண்டிய நாளில் செய்யாமல், செய்யக் கூடாத நாளில் பதினேழு தடவை செய்திருக்கிறேன்.

பயாஸுக்குள் போனேன். குயிக் பூட் என்ற வரிக்கு நேரே எனேபிள்ட் என்று இருந்தது. சத்தமில்லாமல் அதை மாற்றினேன். நாலரைக்கு மேல், மாமியின் அனுமதியோடு, ஆஃப் செய்து ஆன் செய்தேன். மெஷின் மூன்று தடவை எண்ணியது. டாஸ் வந்தது.

"என்னவாம் அதுக்கு?" என்றார் மாமி.

"டிஸ்க்குக்கு வயசாயிடுச்சு மாமி. கொஞ்சம் அசதி. சரி பண்ணிட்டேன்" என்றேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

மாமி சந்தோஷமாக உள்ளே போய், பெருமாளுக்குச் சாற்றிய துளசியும் கற்கண்டும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது பொட்டலத்தைப் பார்த்தேன். கட்டியிருந்தது டெய்லி காலண்டரில் கிழித்த முந்தின நாள் தாள். வியாழக்கிழமை. ராகு காலம் பிற்பகல் ஒன்றரை முதல் மூன்று. யமகண்டம் காலை ஆறு முதல் ஏழரை.

ஒரு செருப்போடு மறுபடி உள்ளே போனேன்.

"மாமி. நேத்து பதினோரு மணிக்கு யமகண்டமே இல்லையே?"

மாமி கொஞ்சமும் அசரவில்லை. "இல்லைதான்" என்றார்.

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"புதன்கிழமை நான் சொன்னது எல்லாம் நிஜம். வெள்ளிக்கிழமையும் நிஜம். நேத்து மட்டும்தான் இல்லாததைச் சொன்னேன். என்ன பண்ணட்டும்? நீங்க ஒவ்வொரு தடவை அணைக்கறச்சேயும் உள்ளே ஒரு ஓசை வரும், டொக்குன்னு. எனக்குக் கேட்கவே முடியலை. இருபத்தஞ்சு வருஷமா அதை நான் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போடறேன். நீங்க அரை மணியிலே பதினேழு தடவை போட்டேள். நிறுத்துங்கோன்னு சொன்னா கேட்பேளா? கேட்க மாட்டேள். ராகு காலம்னா கேட்டேள். அதான் கிடைச்ச நேரத்தையெல்லாம் சொன்னேன். தீர்ந்து போச்சு, அதுக்கு மேலே ஒண்ணு நானே போட்டுண்டேன்."

உள்ளேயிருந்து வாத்தியார் ஸ்வாமி இருமுவது கேட்டது. அது இருமல் இல்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாமி ஒரு நாள் பொய் சொன்னதால்தான் டிஸ்க் உயிரோடு இருக்கிறது. நானோ ஒரு பொய் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

"மாமி, டிஸ்க்குக்கு அசதி இல்லை. ஆடி மாசம் நான் எண்ணிக்கையை நிறுத்தினேன் பாருங்க, அதனாலதான் வரலை. தப்பு என்னோடது."

"தெரியுமே" என்றார் மாமி. "எண்ணிக்கை வரலையேன்னு அன்னிக்கே கேட்டேனே. நீங்கதான் அரை நிமிஷம் மிச்சம்னேள்."

"தெரிஞ்சிருந்தும் ஏன் மூணு நாளா சொல்லலை?"

"காரணம் என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க கை வெச்சதுக்கு அப்புறம்தான் வரலைங்கறது தெரியும். வீட்டுக்கு வந்து வேலை பார்க்கறவாகிட்ட எடுத்ததுமே அப்படிச் சொல்ல முடியுமோ? நீங்களே சொல்லுவேள்னு இருந்தேன்."

சனிக்கிழமை மத்தியானம் மாமி போன் செய்தார். ச்ராத்தம் நல்லபடியாக முடிந்ததாம். அமெரிக்காக்காரர் கொள்ளுத் தாத்தா பெயரைத் திரையிலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனாராம். "அடுத்த வருஷமும் போன் பண்ணிக் கேட்பார், பாருங்கோ" என்றார்.

இதைப் படிக்கிற டெக்னீஷியன் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இரண்டுதான் உண்டு. வேலை முடிந்தது என்று பையை மூடுவதற்கு முன் மெஷினை முழுதாக அணைத்து, ஆற விட்டு, மறுபடி போட்டுப் பாருங்கள். மெஷினோடு இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவர் "இது வரலையே" என்று கேட்டால், சிரிக்காமல் ஏன் என்று கேளுங்கள்.

நான் இன்னும் சூடு செல்விதான். ஏதாவது மெஷின் மக்கர் செய்தால் இப்போதும் என் கை முதலில் ஸ்விட்சுக்குத்தான் போகிறது. அப்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், இப்போது யமகண்டம் என்று. எந்தக் கிழமை, எத்தனை மணி என்று பார்ப்பதில்லை.